பாக்டீரியாவின் பாகங்கள் நம் நோய் எதிர்ப்பு செல்களை என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களைப் பிரித்து எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நஞ்சைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு மாணவர்களையும், செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டும் நிலை) நோயாளிகளைக் கவனிக்கும் இளம் மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. பாக்டீரியாவின் ஒரே மூலக்கூறு, அளவையும் நேரத்தையும் பொறுத்து ஒரு செல்லைச் சண்டைக்குத் தயாராக்கும், அல்லது முடக்கிப் போடும். ஆய்வகத்தில் வரும் தவறான முடிவுகள் பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவை.

செத்த பாக்டீரியா எப்படி நோய் எதிர்ப்பைக் கிளப்புகிறது?

நம் செல்கள் தேடுவது மனித உடல் தயாரிக்காத சில மூலக்கூறுகளை. கிருமி உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் அவை இருக்கும். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு (இனி எல்.பி.எஸ்.; எண்டோடாக்சின் என்பதும் இதுவே), செல் சுவரின் பெப்டிடோகிளைகான், கொழுப்பு ஒட்டிய லிப்போபுரதங்கள், நீந்த உதவும் இழையின் ஃபிளஜெல்லின் ஆகியவை முக்கியமானவை. பெர்லினில் ராபர்ட் கோக்கின் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், சூட்டால் கொன்ற காலரா கிருமிகளும் கினிப் பன்றிகளைக் கொல்வதை 1892-ல் கண்டார். நஞ்சு கிருமியின் உடலோடு சேர்ந்தே இருக்கிறது என்ற கருத்து அங்கிருந்து வந்தது. ஒரு இ. கோலை செல்லில் சுமார் 10 லட்சம் எல்.பி.எஸ். மூலக்கூறுகள் உண்டு. கிருமி செத்து உடைந்த பிறகும் அவ்வளவும் ரத்தத்தில் மிதக்கும்.

எந்தப் பாகத்தை எந்த ஏற்பி பிடிக்கிறது?

டி.எல்.ஆர். (டோல் போன்ற ஏற்பி) என்பது கிருமியின் பாகங்களை உணரும் ஏற்பிக் குடும்பம். எல்.பி.எஸ்.ஸை டி.எல்.ஆர்.4 பிடிக்கிறது. லிப்போபுரதங்களை டி.எல்.ஆர்.2 பிடிக்கும், ஆனால் தனியாக அல்ல. மூன்று கொழுப்புச் சங்கிலி இருந்தால் டி.எல்.ஆர்.1-உடனும், இரண்டு இருந்தால் டி.எல்.ஆர்.6-உடனும் ஜோடி சேரும். ஃபிளஜெல்லினுக்கு டி.எல்.ஆர்.5. மெத்தில் சேராத பாக்டீரிய டி.என்.ஏ.வுக்கு டி.எல்.ஆர்.9. மனிதர்களில் இந்தக் கடைசி ஏற்பி பி செல்களிலும் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல்களிலும்தான் முக்கியமாக இருக்கிறது. எலி மேக்ரோஃபேஜில் (கிருமிகளை விழுங்கும் செல்) வேலை செய்த டி.என்.ஏ.வை மனித மோனோசைட்டில் போட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

செல்லுக்குள்ளேயும் காவல் உண்டு. பெப்டிடோகிளைகானின் துண்டுகளை நாட்1, நாட்2 என்ற புரதங்கள் உணர்கின்றன. நாட்2 தேடுவது முராமில் டைபெப்டைடு என்ற சிறு துண்டை. அந்த மரபணுவில் சில மாற்றங்கள் இருப்பவர்களுக்கு குரோன் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2001-ல் வெளிவந்தது. எல்.பி.எஸ். சைட்டோபிளாசத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டால் டி.எல்.ஆர்.4-க்கு அங்கே வேலையில்லை. காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5 என்ற நொதிகள் அதை நேரடியாகப் பிடித்து, காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டி, சவ்வில் துளை போட்டு செல்லையே வெடிக்க வைக்கின்றன. கிருமி ஒளிந்து பெருகும் இடம் அதோடு போய்விடும்.

எல்.பி.எஸ். செல்லைத் தொட்டதும் நடப்பது என்ன?

எல்.பி.எஸ். தண்ணீரில் தனித்தனியாக இருக்காது, திரள்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். சீரத்தில் உள்ள எல்.பி.பி. என்ற புரதம் அந்தத் திரளிலிருந்து மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து மோனோசைட்டின் மேலுள்ள சி.டி.14 என்ற புரதத்திடம் ஒப்படைக்கிறது. சி.டி.14 அதை எம்.டி.-2 என்ற சிறு புரதத்தின் பைக்குள் வைக்கிறது. எம்.டி.-2 எப்போதும் டி.எல்.ஆர்.4-உடன் சேர்ந்தே இருக்கும்.

நுட்பமே அடுத்த கட்டத்தில்தான். இ. கோலை எல்.பி.எஸ்.ஸின் லிப்பிட் ஏ என்ற பகுதிக்கு ஆறு கொழுப்பு வால்கள். ஐந்து வால்கள் எம்.டி.-2-வின் பைக்குள் போய்விடும். ஆறாவது வால் பையின் விளிம்பில் வெளியே தெரியும்படி கிடக்கும். பக்கத்திலுள்ள இன்னொரு டி.எல்.ஆர்.4 வந்து ஒட்டுவதற்கு அந்த ஆறாவது வாலும் உதவுகிறது. இரண்டு டி.எல்.ஆர்.4 சேர்ந்தால்தான் உள்ளே செய்தி போகும்.

செய்தி இரண்டு வழியில் போகிறது. மைடி88 என்ற இணைப்புப் புரதத்தின் வழி, மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி-யை எழுப்பி டி.என்.எஃப்., ஐ.எல்.-6, ஐ.எல்.-8 ஆகிய சைட்டோகைன்களை (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) சுரக்க வைக்கும். ஏற்பி உள்ளிழுக்கப்பட்ட பிறகு தொடங்கும் டிரிஃப் என்ற இன்னொரு இணைப்புப் புரதத்தின் வழி, இன்டர்ஃபெரான் பீட்டாவை வரவழைக்கும். பழ ஈயில் டோல் மரபணு பூஞ்சைக்கு எதிரான காவல் என்று ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு 1996-ல் காட்டியது. எல்.பி.எஸ்.ஸுக்கு மசியாத ஒரு எலி இனத்தில் பழுதான மரபணு டி.எல்.ஆர்.4 என்று புரூஸ் பாய்ட்லர் குழு 1998-ல் கண்டறிந்தது. இருவருக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமிகள் இந்தக் காவலை ஏமாற்றுமா?

ஏமாற்றும். பிளேக் கிருமியான எர்சினியா பெஸ்டிஸ் ஒரு தெளிவான உதாரணம். தெள்ளுப்பூச்சியின் உடல் வெப்பநிலையில் அது ஆறு வால் கொண்ட லிப்பிட் ஏ தயாரிக்கிறது. மனித உடலின் 37 டிகிரிக்கு வந்ததும் நான்கு வால் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அந்த வடிவம் மனித டி.எல்.ஆர்.4-ஐ எழுப்புவதில்லை. ஆறு வால் போடும் இ. கோலை மரபணு ஒன்றை இந்தக் கிருமியில் சேர்த்தபோது, எலிகளில் அதன் கொல்லும் வீரியம் போய்விட்டது. 2006-ல் வெளியான ஆய்வு அது. வால் எண்ணிக்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஹெலிகோபாக்டர் பைலோரியின் ஃபிளஜெல்லின் டி.எல்.ஆர்.5-க்குச் சிக்காத அமைப்பு கொண்டது. குடலில் வாழும் பாக்டிராய்டஸ் இனங்களின் லிப்பிட் ஏ-யில் பெரும்பாலும் வால்கள் குறைவு. அதனால் ‘எல்.பி.எஸ். கொடுத்தோம்’ என்று மட்டும் எழுதுவது போதாது. எந்தக் கிருமி, எந்த ரகம் (ஓ111:பி4, ஓ55:பி5 போல), எந்தத் தரம் என்று எழுத வேண்டும்.

தூண்டப்பட்ட செல் உண்மையிலேயே கிருமியை நன்றாகக் கொல்கிறதா?

சைட்டோகைன் கூடினால் கிருமிக்கொல்லல் கூடியதாக அர்த்தமில்லை. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவில் எல்.பி.எஸ். செய்வது ஆயத்தப்படுத்தல். எல்.பி.எஸ். மட்டும் கொடுத்தால் அது கிருமியைத் தாக்கும் சூப்பர்ஆக்சைடை அதிகம் விடாது. பாக்டீரியப் புரதங்களின் தொடக்கத்தில் இருக்கும் ஃபார்மைல் பெப்டைடு அதன்பின் வந்தால், ஆயத்தமான செல் பல மடங்கு வேகமாக விடும். கூடவே அதன் ஆயுளும் நீளும்.

மனித மேக்ரோஃபேஜில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஒரு வழி வைட்டமின் டி-யைச் சார்ந்தது. டி.எல்.ஆர்.2-ம் 1-ம் லிப்போபுரதத்தை உணர்ந்ததும், செல் வைட்டமின் டி ஏற்பியையும், அந்த வைட்டமினைச் செயல்வடிவமாக்கும் நொதியையும் கூடுதலாகத் தயாரிக்கிறது. செயல்வடிவ வைட்டமின் டி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லி பெப்டைடைச் சுரக்க வைக்கிறது. 2006-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பில் ஆய்வகத்துக்கு நேரடிப் பாடம் உண்டு: வளர்ப்பு ஊடகத்தின் சீரத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தால் செல் சரியாகத் தூண்டப்பட்டும் கேத்தலிசிடின் வராது. எலி செல்லில் இந்த வழி இதே போல் இயங்காது, ஆகவே எலியில் சோதித்து ‘வைட்டமின் டி-க்குப் பங்கில்லை’ என்று முடிவு கட்ட முடியாது.

அதே வேளையில், செல்லில் நடப்பது நோயாளியில் அப்படியே நடந்துவிடாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வில் நுரையீரல் காசநோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு 2.5 மி.கி. வைட்டமின் டி நான்கு முறை கொடுத்தார்கள். சளியில் கிருமி மறையும் நாள் குறையவில்லை. 2015-ல் முடிவு வெளியானது.

முதல் தூண்டலுக்குப் பிறகு செல் ஏன் மரத்துப் போகிறது?

இதை எண்டோடாக்சின் சகிப்பு என்பார்கள். டைஃபாய்டு தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட்ட முயல்களுக்குக் காய்ச்சல் குறைந்துகொண்டே வருவதை 1940-களில் பால் பீசன் விவரித்தார். கிண்ணத்திலும் எளிதாகப் பார்க்கலாம். மோனோசைட்டுக்கு மி.லி.க்கு 10 முதல் 100 நானோகிராம் எல்.பி.எஸ். 24 மணி நேரம் கொடுத்து, கழுவி, மீண்டும் அதே அளவு கொடுங்கள். டி.என்.எஃப். முதல் முறையில் வந்ததில் சிறு பங்குதான் வரும்.

செல் முழுக்க அணைந்துவிட்டது என்று இதைப் படிப்பது தவறு. எலி மேக்ரோஃபேஜ்களில் 2007-ல் காட்டப்பட்டபடி, அழற்சி மரபணுக்களின் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த கட்டு) மூடிக்கொள்கிறது, கிருமிக்கொல்லி மரபணுக்கள் பலவும் திறந்தே இருக்கின்றன. திசுவைக் காப்பாற்ற உடல் செய்யும் ஏற்பாடு என்றே நான் இதைக் கொள்கிறேன்.

செப்சிஸ் நோயாளியிடம் இந்த ஏற்பாடு எல்லை மீறிப் போகிறது. மோனோசைட்டின் மேல், கிருமித் துண்டுகளை மற்ற செல்களுக்குக் காட்டும் ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். புரதத்தின் எண்ணிக்கை ஒரு செல்லுக்கு 8,000-க்குக் கீழே விழுந்து பல நாள் எழும்பாமல் இருந்தால், எதிர்ப்பு முடங்கியதாகக் கொள்கிறார்கள். அந்த நிலையில் மருத்துவமனைக் கிருமிகள் இரண்டாம் முறை தாக்குவது சாதாரணம். இதை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அளப்பதாக இருந்தால் ரத்தத்தை உடனே ஐஸில் வையுங்கள். அறை வெப்பத்தில் கிடந்தால் ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். தானாகவே மேலெழும்பும், முடங்கிய நோயாளியும் நலமானவராகத் தெரிவார்.

பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டால் எதிர்ப்பு ‘பயிற்சி’ பெறும் என்கிறார்களே?

சகிப்புக்கு நேரெதிரான நிலை அது. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களின் மோனோசைட்டுகள் காசநோய்க்குத் தொடர்பில்லாத கிருமிகளுக்கும் கூடுதல் டி.என்.எஃப்., ஐ.எல்.-1 பீட்டா சுரப்பதை நெதர்லாந்தின் நைமேகனில் மிஹாய் நெட்டேயா குழு 2012-ல் காட்டியது. நாட்2 வழியாக, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் விழும் குறிகள் அதற்குக் காரணம்.

கிண்ணத்தில் இதைச் செய்ய: பிரித்த மோனோசைட்டுக்கு பி.சி.ஜி. 24 மணி நேரம், கழுவல், 5 நாள் ஓய்வு, 6-ம் நாள் எல்.பி.எஸ். மி.லி.க்கு 10 நானோகிராம், மறுநாள் டி.என்.எஃப்., ஐ.எல்.-6 அளவீடு. இங்கே அதிகம் கெடுவது செல் எண்ணிக்கை. பி.சி.ஜி. கொடுத்த கிணறுகளில் (வளர்ப்புத் தட்டின் குழிகள்) 6-ம் நாள் கூடுதல் செல்கள் உயிரோடு இருக்கலாம். எண்ணிச் சரிசெய்யாமல் ‘பயிற்சி’ என்று அறிவிப்பது வெறும் செல் கணக்காகிவிடும்.

தடுப்பூசியாக இதன் பலன் சீராக இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பி.சி.ஜி. ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கே பாதுகாப்பு கிடைக்கவில்லை. சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்து 2023-ல் வெளியான பிரேஸ் ஆய்விலும் கொரோனாவுக்கு எதிராகப் பலன் தெரியவில்லை.

எவ்வளவு எல்.பி.எஸ். கொடுப்பது? அளக்க மாதிரியை எப்போது எடுப்பது?

மோனோசைட்டுக்கு மி.லி.க்கு 0.1, 1, 10, 100 நானோகிராம் என்று நான்கு அளவு வைத்து வளைவு போடுங்கள். சீரம் இருந்தால் 1 நானோகிராமே வலுவாகத் தூண்டும். பலரும் பழக்கத்தில் போடும் 1 மைக்ரோகிராம் தேவையற்றது. அந்த அளவில் எல்லாக் கிணறும் உச்சத்தில் நின்றுவிடும், நீங்கள் சோதிக்கும் மருந்து டி.என்.எஃப்.ஐப் பாதியாகக் குறைத்தாலும் கண்ணில் படாமல் போகலாம்.

டி.என்.எஃப். 4 முதல் 6 மணி நேரத்தில் எடுக்கலாம். ஐ.எல்.-6, ஐ.எல்.-10 இரண்டுக்கும் 24 மணி நேரம் வேண்டும். ஐ.எல்.-1 பீட்டாவில் ஒரு பொறி இருக்கிறது. மனித மோனோசைட் எல்.பி.எஸ். மட்டும் கொடுத்தாலே அதை வெளியிடும். மேக்ரோஃபேஜாக மாறிய பின் இரண்டாவது தூண்டல் வேண்டும்: எல்.பி.எஸ்.ஸுக்குப் பிறகு ஏ.டி.பி. 5 மில்லிமோலார் அல்லது நைஜரிசின் 10 மைக்ரோமோலார்.

எல்.பி.எஸ். கரைசலை எப்படித் தயாரித்து வைப்பது?

எண்டோடாக்சின் இல்லாத தண்ணீரில் மி.லி.க்கு 1 மி.கி. வீதம் கரைத்து, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 1 நிமிடமாவது நன்றாக வோர்ட்டெக்ஸ் செய்ய வேண்டும். திரள்கள் பிரியாவிட்டால் முதல் டியூபும் கடைசி டியூபும் ஒன்றுபோல் இருக்காது. நானோகிராம் அளவில் நீர்த்த கரைசலைச் சேமிக்கக் கூடாது, பிளாஸ்டிக் சுவரில் ஒட்டியே கணிசமாகக் குறைந்துவிடும். அன்றன்று சீரம் கலந்த ஊடகத்தில் நீர்த்துக்கொள்வது நல்லது.

மலிவான தரத்தில் லிப்போபுரதம் கலந்திருக்கும், அது டி.எல்.ஆர்.2-ஐயும் எழுப்பும். எல்.பி.எஸ். டி.எல்.ஆர்.2-ஐ எழுப்புகிறது என்று ஒரு காலத்தில் வந்த முடிவுகள், 2000-ல் ஃபீனாலால் மறுசுத்தம் செய்து பார்த்தபோது நிற்கவில்லை. டி.எல்.ஆர்.4 பற்றித்தான் கேள்வி என்றால் மிகத் தூய தரம் வாங்குங்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் லிப்போடெய்க்காயிக் அமிலத்துக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

எதுவும் கொடுக்காத கிணற்றிலும் டி.என்.எஃப். வருகிறது. ஏன்?

எங்கோ எண்டோடாக்சின் கலந்திருக்கிறது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். மனித மோனோசைட் மி.லி.க்குச் சில பத்து பிகோகிராமையே உணரும். சீரம், பிரிப்புக் கரைசல், ஹெபாரின், தண்ணீர், கழுவிய கண்ணாடிப் பொருள்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 121 டிகிரி ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், எல்.பி.எஸ்.ஸை விட்டுவிடும். கண்ணாடியை 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் வைத்தால்தான் அது அழியும்.

அடுத்த காரணம் பிரித்த விதம். 1.077 அடர்த்தியுள்ள கரைசல் மேல் நீர்த்த ரத்தத்தை மெல்ல ஊற்றி, 400 ஜி விசையில் 30 நிமிடம், அறை வெப்பத்தில், பிரேக் இல்லாமல் சுழற்ற வேண்டும். பிரேக் போட்டால் அடுக்கு கலையும், பிளேட்லெட்டும் நியூட்ரோஃபில்லும் சேர்ந்து வரும். முழு ரத்தமாகவே தூண்டுவதாக இருந்தால் ஹெபாரின் குழாயில் எடுங்கள். இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் செல்லின் பதில் தளரும். எடுத்த சில மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

நாங்கள் இ. கோலையில் தயாரித்த புரதம் மோனோசைட்டைத் தூண்டுகிறது. அது புரதத்தின் வேலைதானா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் யூனிட்டுக்குக் கீழ்’ என்று லேபிளில் இருக்கும். அந்த யூனிட் சுமார் 0.1 நானோகிராம் எல்.பி.எஸ்.ஸுக்குச் சமம். மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் புரதம் கொடுத்தால், 1 நானோகிராம் எல்.பி.எஸ். வரை உடன் போகலாம். முன்னே சொன்னபடி, வலுவான தூண்டலுக்கு அதுவே போதும். வெளிவந்த பல ஆய்வுகளில் புரதத்தின் பெயரில் நடந்தது இந்த எல்.பி.எஸ்.ஸின் வேலையாக இருக்கக்கூடும்.

மூன்று சோதனையாவது சேர்ந்தே வேண்டும். பாலிமிக்சின் பி மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் சேர்த்துப் பாருங்கள். லிப்பிட் ஏ-யைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் லிப்போபுரதக் கலப்பைத் தொடாது. புரோட்டினேஸ் கே-யால் புரதத்தைச் செரித்துப் பாருங்கள். செரித்த பிறகும் தூண்டல் நீடித்தால், தூண்டியது அந்தப் புரதம் இல்லை. டி.எல்.ஆர்.4-ஐத் தடுக்கும் ஆன்டிபாடி போட்டும் பாருங்கள். கொதிக்க வைப்பதை மட்டும் நம்பாதீர்கள், நீண்ட கொதிப்பில் சிறிதளவு எல்.பி.எஸ்.ஸின் வீரியமும் குறையலாம்.

எண்டோடாக்சினை அளக்கும் சோதனை குதிரைலாட நண்டின் ரத்தச் செல்களிலிருந்து வருவது. லெவின், பாங்க் இருவரும் 1960-களில் உருவாக்கியது. பூஞ்சையின் பீட்டா குளூக்கான் இருந்தால் அதிலும் பொய்யாக நேர்மறை வரும். நண்டு தேவைப்படாத மறுசேர்க்கை ஃபேக்டர் சி சோதனைக்கு அந்தக் குறை இல்லை. இரண்டும் எண்டோடாக்சினை மட்டுமே குறிவைப்பவை. லிப்போபுரதம், ஃபிளஜெல்லின் கலப்பையும் பிடிக்க வேண்டுமென்றால் மோனோசைட் தூண்டல் சோதனைதான் வழி.

இந்த அறிவு மருந்தாகியிருக்கிறதா?

டி.எல்.ஆர்.4-ஐ அடைக்கும் எரிடோரான் 1,961 செப்சிஸ் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 28 நாள் இறப்பு குறையவில்லை என்ற முடிவு 2013-ல் வெளியானது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது சைட்டோகைன் அலை ஏற்கெனவே எழும்பி முடிந்திருக்கும் என்பது முக்கியமான விளக்கம்.

வெற்றி தடுப்பூசியில். லிப்பிட் ஏ-யின் ஒரு பாஸ்பேட்டை நீக்கினால் காய்ச்சல் குறைந்து, எதிர்ப்பைத் தூண்டும் திறன் மிஞ்சும். எம்.பி.எல். எனப்படும் அந்த வடிவம் ஷிங்ரிக்ஸ் அக்கித் தடுப்பூசியில் ஒரு டோஸுக்கு 50 மைக்ரோகிராம் இருக்கிறது. குழந்தைகளுக்கான ஆர்.டி.எஸ்.,எஸ். மலேரியா தடுப்பூசியில் 25.

அடிக்கடி சளி பிடிப்பவர்களுக்குத் தரப்படும் ஓ.எம்.-85 போன்ற பாக்டீரியச் சாறு மாத்திரைகள் பற்றியும் கேட்கிறார்கள். 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து, இவற்றை மீண்டும் மீண்டும் வரும் சுவாசத் தொற்றைத் தடுக்க மட்டும் பயன்படுத்தலாம், வந்துவிட்ட தொற்றுக்கு மருந்தாகக் கூடாது என்று சொன்னது. நிமோனியா காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு இதைக் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து.

இந்த வழியே இல்லாமல் பிறந்தவர்கள் உண்டா?

உண்டு. டி.எல்.ஆர். செய்தியைக் கடத்தும் இராக்4 அல்லது மைடி88 புரதத்தில் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் தொற்றுகள் உயிருக்கே ஆபத்தாக வரும். கவனிக்க வேண்டியது, காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) தாமதமாகவே எழும்பும். ‘சி.ஆர்.பி. இயல்பாக இருக்கிறது’ என்று இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. சல்லடைச் சோதனை எளிது: முழு ரத்தத்தில் எல்.பி.எஸ். சேர்த்தால் இயல்பான நியூட்ரோஃபில் தன் மேலுள்ள சி.டி.62எல் என்ற புரதத்தை உதிர்க்கும், இவர்களுடையது உதிர்க்காது. வளர வளரத் தொற்றுகள் குறைகின்றன, ஆகவே சிறுவயதில் ஆன்டிபயாட்டிக்கும் தடுப்பூசிகளும் தவறாமல் தொடர்ந்தாக வேண்டும்.

ஆய்வகத்தில் உள்ள எல்.பி.எஸ். நமக்கு ஆபத்தா?

எலி தாங்கும் அளவை வைத்து எடை போடாதீர்கள். எலியைக் கொல்ல கிலோவுக்கு மி.கி. கணக்கில் வேண்டும். தன்னார்வலர் ஆய்வுகளில் கிலோவுக்கு 2 நானோகிராம் நரம்பில் ஏற்றினாலே ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் தலைவலியும், 3 அல்லது 4 மணி நேரத்தில் காய்ச்சலும் வருகின்றன. 60 கிலோ உடலுக்கு அது 120 நானோகிராம். உங்கள் கையிலுள்ள 1 மி.கி. குப்பியில் அதைப்போல் 8,000 மடங்குக்கு மேல் இருக்கிறது.

பொடியை மூச்சில் இழுக்காதபடி ஹூடுக்குள் திறந்து, அந்தக் குப்பிக்குள்ளேயே தண்ணீர் விட்டுக் கரையுங்கள். தனியாக எடை போடுவதைத் தவிருங்கள். ஊசி பயன்படுத்த வேண்டாம், பைப்பெட் போதும். சிந்தினால் எத்தனால் தெளித்துத் துடைப்பது அதை இடம் மாற்றுமே ஒழிய அழிக்காது. 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, கையுறையோடு துடைத்தெடுத்து, எண்டோடாக்சின் இல்லாத தண்ணீரால் அலசுங்கள்.